பழைய வேட்டை ரைஃபிளும் ஸ்கோப்பும்: வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்க் மான் வேட்டைக்குப் புறப்பட மூன்று மாதம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தன் .300 வின்செஸ்டர் மேக்னம் போல்ட் ரைஃபிளை (பின்னால் உள்ள போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை), மேலே பூட்டிய 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 40 மி.மீ.), ஒரு 10×42 பைனாகுலர், இரண்டு பெட்டி தோட்டா எல்லாவற்றோடும் சேர்த்துத் தருகிறார். "மொத்தமே 40 ரவுண்டுதான் சுட்டிருக்கிறேன்" என்கிறார். படங்களில் ஒரு கீறல்கூட இல்லை. வாங்கலாமா, வாங்கினால் உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் மஸில் பிரேக் போடலாமா என்பது கேள்வி. பொருள் நல்லதா என்று கேட்பதுபோல் தெரிந்தாலும், உங்களுக்கு வேண்டிய பதில் வேறு. மூன்று மாதம் கழித்து, குளிர்ந்த குழலிலிருந்து கிளம்பும் முதல் குண்டு நீங்கள் குறிவைத்த இடத்தில் போய் விழுமா? வேட்டையில் பெரும்பாலும் அந்த ஒரு குண்டுதான் கணக்கு. அது தப்பினால் அடிபட்ட விலங்கு காட்டுக்குள் போய்ச் சேரும். இதற்கான பதில் படங்களில் கிடைக்காது.

காலிபரைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. .300 வின்செஸ்டர் மேக்னம் 1963-இல் வந்தது. 180 கிரெய்ன் (ஏறத்தாழ 11.7 கிராம்) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,960 அடி வேகத்தில் தள்ளும். எல்க்குக்குத் தாராளமாகப் போதும். ஆனால் "300 மேக்னம்" என்று வாய்வார்த்தையில் சொல்லும் தோட்டாக்கள் பல உண்டு. வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் வேறு, வெதர்பி வேறு. குழலின் மேல் பொறித்திருப்பதை நீங்களே படித்து, தோட்டாவின் அடிப்பாகத்தில் இருக்கும் எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரைஃபிளைக் கையில் வாங்கியதும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தடவியும் பார்த்துக் காலிதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விற்பவர் இப்போதுதான் காட்டினார் என்றாலும் நீங்களும் பார்க்க வேண்டும். பிறகு வரிசை எண்ணை ஆவணத்தோடு சரிபாருங்கள். போல்ட்டிலும் எண் பொறித்திருந்தால் அது உடலில் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுப்பாகம்) உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எப்போதோ போல்ட்டை மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் ஹெட்ஸ்பேஸ் அளவை, அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவை அறையில் நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தொலைவை, கேஜ் வைத்துப் பார்க்காமல் சுடக் கூடாது. துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.யின் உறுப்பு நாடுகளில் விற்ற துப்பாக்கி என்றால் அழுத்தச் சோதனை முத்திரை இருக்கும். குழலை மாற்றியிருந்தால் மறுசோதனை முத்திரையும் இருக்க வேண்டும்.

இனி குழல். போல்ட்டை உருவி எடுத்துவிட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே எங்காவது ஒரு கரிய வளையம் முழுச் சுற்றாகத் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. மண்ணோ பனியோ துணியோ அடைத்திருக்கும்போது சுட்டதன் அடையாளம் அது. அந்த ரைஃபிளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அறைக்குள் துருக் குழிகள் இருந்தாலும் வேண்டாம். சுட்ட கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) குழிகளில் பிடித்துக்கொண்டு, இரண்டாவது தோட்டாவை ஏற்ற வேண்டிய நேரத்தில் வெளியே வராது. குழலின் நடுவில் லேசான புள்ளித் துரு இருந்தால் அது அவ்வளவு பெரிய குறையல்ல. சுத்தம் செய்ய நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

குண்டு குழலைவிட்டு வெளியேறும் விளிம்பு, அதாவது கிரௌன், சின்ன இடம்தான்; ஆனால் துல்லியத்தில் அதன் பங்கு பெரிது. ஒரு பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு விளிம்பின் மேல் சுற்றிலும் வெளிப்பக்கமாக இழுங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு உண்டு. நல்ல பட்டறைக்காரர் கடைசல் இயந்திரத்தில் புது விளிம்பு வெட்டித் தந்துவிடுவார். ஆகவே விலையைக் குறைத்துப் பேச இது காரணமாகலாம், வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கக் காரணமாகாது.

"40 ரவுண்டுதான்" என்ற பேச்சை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் தொண்டைப் பகுதி, அதாவது அறை முடிந்து, குண்டைச் சுழற்றும் வரிகள் தொடங்கும் இடம், ஓரளவு உண்மையைச் சொல்லும். முதலில் அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பானில் துணியை நனைத்து விட்டு விட்டு எடுங்கள். நீலப் பச்சை நிறம் வருவது நிற்கும்வரை குழல் சுத்தமாகவில்லை. படிந்த செம்பு கீழே உள்ள குறைகளை மூடிவிடும். பிறகு குழலுக்குள் நுழையும் போர்ஸ்கோப் கேமராவை விட்டுப் பாருங்கள். காய்ந்த குளத்துச் சேறுபோல் வெடிப்பு வலை தெரிந்தால் கணிசமாகச் சுட்டிருக்கிறார்கள் என்று பொருள். 40 ரவுண்டில் அது வராது. ஆனால் அந்த வெடிப்பைப் பார்த்ததுமே பயந்துவிட வேண்டாம். இந்த வகை மேக்னம் குழல்கள் பொதுவாக 1,500 முதல் 2,500 ரவுண்டுவரை நல்ல துல்லியத்தோடு ஓடும். தொண்டையில் வெடிப்பு விழுந்த பிறகும் நெடுநாள் நன்றாகச் சுடுபவை நிறைய. போர்ஸ்கோப்பில் அசிங்கமாகத் தெரிவதற்கும் இலக்குத் தாளில் மோசமாக விழுவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வெடிப்பு சொல்வது ஒன்றே ஒன்று: விற்பவரின் கணக்கு சரியில்லை. அதற்குப் பிறகு அவர் சொல்லும் மற்றவற்றையும் நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டும்.

விற்பவரிடம் அந்த ரைஃபிளில் சுட்ட வெற்றுக் கேஸ்கள் ஐந்தாறு கேளுங்கள். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. ஆனால் குழலைப் பார்ப்பதைவிட இதில் சில சமயம் அதிகம் தெரியும். .300 வின்செஸ்டர் மேக்னம் அடியில் பட்டை உள்ள தோட்டா. அறையில் அது உட்காரும் ஆழத்தை அந்தப் பட்டைதான் தீர்மானிக்கிறது. அறை நீளமாக வெட்டப்பட்டிருந்தால் சுடும்போது கேஸ் பட்டைக்குச் சற்று மேலே நீளும், அங்கே சுவர் மெலியும். வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரியும். ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கேஸின் உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே சுவரை உரசி இழுங்கள். பட்டைக்கு மேல் பள்ளத்தில் நுனி தடுக்கினால் அந்தக் கேஸ் அடுத்த முறை அங்கேதான் கிழியும். பலமுறை மறுநிரப்பிய கேஸ் என்றால் குறை கேஸிலும் இருக்கலாம். புதுத் தோட்டாவை ஒரே ஒருமுறை சுட்டதுமே பள்ளம் விழுந்திருந்தால் அறையைச் சந்தேகிக்க வேண்டும். பட்டறையில் ஹெட்ஸ்பேஸைக் காட்டும் கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தோட்டாவுக்கு சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு வைத்திருக்கும் அழுத்த வரம்பு 64,000 பி.எஸ்.ஐ. முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் நடக்கும் வேலை இது; இங்கே ஊகத்துக்கு இடமில்லை.

ட்ரிகரையும் சேஃப்டியையும் காலி ரைஃபிளிலேயே சோதிக்கலாம். போல்ட்டை மூடி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை அழுத்தமாக இழுத்து விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை விலக்குங்கள். உள்ளே 'டிக்' என்று விழுந்தால் அது பயன்படுத்தத் தகுதியற்றது. போல்ட்டைப் பத்துப் பன்னிரண்டு முறை வேகமாக அடித்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் ட்ரிகர் தானாக விடுபடாமல் நின்றாக வேண்டும். ரப்பர் சுத்தியால், ரைஃபிளைத் தாங்கித் தோளில் பதியும் கட்டையின் அடியைத் தட்டியும் பாருங்கள். பழைய எண்ணெய் இறுகிப் பிசினாகியிருந்தாலும், முன்னாள் உரிமையாளர் ட்ரிகரை இலகுவாக்க ஸ்க்ரூவைத் திருப்பியிருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். வேட்டைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றே முக்கால் கிலோ இழுவை சரியானது. குளிரில் கையுறை போட்ட விரலுக்கு அதைவிடக் குறைவு ஆபத்து. தயாரிப்பாளர் திரும்பப் பெற்ற மாடலா என்று வரிசை எண்ணை வைத்துக் கேட்டும் பாருங்கள். 2014-இல் ரெமிங்டன் நிறுவனம் எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகர் பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது. அப்படிச் சரிசெய்யாமல் கைமாறும் துப்பாக்கிகள் சந்தையில் இருக்கத்தான் செய்யும்.

கட்டை மரமானால் கைப்பிடி ஒடுங்கும் இடத்திலும், உடலின் வால்பகுதிக்குப் பின்னாலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரைஃபிளை நிமிர்த்தி நிறுத்தி, குழலும் கட்டை முனையும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, உடலைப் பிடித்திருக்கும் முன் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். குழல் விரலுக்குத் தெரியும்படி நகர்ந்தால் உடல் கட்டையில் சரியாக உட்காரவில்லை, வளைந்து இறுகியிருக்கிறது. குழல் சூடாகும்போது குண்டுகள் ஒரு பக்கமாக நடந்துபோவதற்கு இது பெரிய காரணம். மீண்டும் முறுக்கும்போது தயாரிப்பாளரின் அளவைப் பின்பற்றுங்கள். அது கிடைக்காவிட்டால், ஸ்க்ரூத் துளையில் உலோகத் தூண் வைத்த கட்டைக்கு 65 அங்குல-பவுண்டு (7.3 நியூட்டன் மீட்டர்), வெறும் மரத்துக்கு 40 அளவில் (4.5 நியூட்டன் மீட்டர்) தொடங்கலாம். சில ரைஃபிள்களில் கட்டை முனை வேண்டுமென்றே குழலை லேசாக அழுத்தும்படி செய்யப்பட்டிருக்கும். அதை யாரோ சொன்னார்கள் என்று சுட்டுப் பார்க்காமலே இழைத்துவிடாதீர்கள்.

இப்போது ஸ்கோப். "ஸ்கோப் கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பங்கு ஸ்கோப்பிலேயே இருக்காது. அதைப் பிடித்திருக்கும் வளையத்திலும் தளத்திலும்தான் இருக்கும். ஆகவே இருப்பதை அப்படியே நம்பாமல் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டுங்கள். தளத்தின் ஸ்க்ரூக்களையும் துளைகளையும் எண்ணெய் போகத் துடைத்து, ஒரு சொட்டு நீல வகைத் திரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) வைத்து 20 அங்குல-பவுண்டு (2.3 நியூட்டன் மீட்டர்) முறுக்குங்கள். வளைய மூடிகளுக்கு 15 முதல் 18 போதும், அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். இங்கே திரெட்லாக்கர் வேண்டாம். அது எண்ணெய் மாதிரி வழுக்கி, அதே அளவில் அதிக இறுக்கம் தந்துவிடும். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கை மதிப்பில் முறுக்குவதுதான் இந்தத் துறையின் தீராத நோய். அதிகம் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், உள்ளே நகர வேண்டியது நகராது. முன் தளத்து ஸ்க்ரூ நீளமாக இருந்தால் போல்ட் மூடும்போது உராயும். தளத்தைக் கழற்றியும் பூட்டியும் போல்ட்டின் ஓட்டத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கழற்றும்போது குழாயில் வளையத்தின் தடத்தைப் பாருங்கள். நகத்துக்குத் தட்டுப்படாத தடம் வெறும் அழகுக் குறை. நகம் விழும் பள்ளம் அப்படியல்ல. உதைப்பின்போது ஸ்கோப் வளையத்துக்குள் வழுக்கியிருக்கலாம், நசுங்கியும் இருக்கலாம்.

கண்ணாடியைச் சோதிக்க, முன்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி இழைபோல் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. நல்ல ஸ்கோப்பின் உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பியிருப்பார்கள். அது கசிந்துவிட்டதா என்று அறிய, முன் கண்ணாடியின் மேல் ஒரு பனிக்கட்டியைச் சில நிமிடம் வைத்து எடுத்துத் துடையுங்கள். வெளியே படிந்த ஈரம் போய்விடும். உள்ளே படிந்த மூட்டம் நிற்கும். மூட்டம் நின்றால் முத்திரை போய்விட்டது. முகாமின் சூட்டிலிருந்து குளிருக்கு வந்ததும் அது உங்களைக் கைவிடும்.

குறியை நகர்த்தும் குமிழான டரெட் ஒழுங்காக நகர்கிறதா என்று தோட்டா செலவில்லாமலே ஓரளவு பார்க்கலாம். ஸ்கோப்பை அசையாமல் பிடியில் இறுக்கி, 100 கெஜத்தில் செங்குத்தாக அளவு கோடுகள் போட்ட பலகையை நிறுத்துங்கள். கால் எம்.ஓ.ஏ. கிளிக் (எம்.ஓ.ஏ. ஒரு கோண அளவு, 100 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல்) என்றால் 40 கிளிக்குக்கு குறுக்குக் கோடு பத்தரை அங்குலம் நகர வேண்டும். 40 திரும்பினால் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். உருப்பெருக்கத்தை 3-இலிருந்து 9-க்குத் திருப்பும்போதும் குறி இடம் மாறக் கூடாது. மூடி போட்ட டரெட் உள்ள வேட்டை ஸ்கோப்பில் எண்ணித் திரும்புவதைவிட, வைத்த இடத்தில் அசையாமல் கிடப்பதே முக்கியம். அதை உதைப்புதான் சோதிக்கும், பலகை சோதிக்காது. பேரலாக்ஸ், அதாவது கண் நகரும்போது குறியும் நகர்வதுபோல் தெரியும் பிழை, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 150 கெஜத்துக்கு நிலைநிறுத்திய 40 மி.மீ. ஸ்கோப்பில், கண்ணை ஓரம்வரை நகர்த்தினாலும் 300 கெஜத்தில் பிழை 2 செ.மீ.தான். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 செ.மீ.க்குக் குறையாமல் இடம் கிடைக்கிறதா என்பது அதைவிட முக்கியம். குறைந்தால் புருவம் கிழியும். அந்தி வெளிச்சத்தில் 9-இல் வைத்துத் திணறாமல் 6-க்கு இறக்குங்கள். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.4 மி.மீ.யிலிருந்து 6.7 மி.மீ. ஆகும்.

பிரபல பெயர்களில் போலி ஸ்கோப்புகள் நிறையச் சுற்றுகின்றன. வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். லூபோல்ட், வோர்டெக்ஸ் போன்றவர்கள் முதல் உரிமையாளர் யார் என்று பார்க்காமலே பழுது பார்த்துத் தருகிறார்கள். அதனால் உண்மையான ஸ்கோப் என்று தெரிந்தால் பணம் பறிபோகாது, போகக்கூடியது நாட்கள்தான். உங்களிடம் இருப்பது மூன்று மாதம். எல்லாச் சோதனையையும் முதல் இரண்டு வாரத்தில் முடித்துவிடுவது அதனால்தான் நல்லது.

பைனாகுலரில் ஒரே சோதனை: தொலைவில் உள்ள கூரை விளிம்பைப் பார்த்தபடி, கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் பின்னால் கொண்டுவாருங்கள். இரண்டு வட்டங்களிலும் விளிம்பு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஏறியோ இறங்கியோ இருந்தால் எங்கோ விழுந்திருக்கிறது; நாள் முழுக்கப் பார்த்தால் தலைவலி நிச்சயம்.

சேர்த்துத் தரும் இரண்டு பெட்டித் தோட்டாக்கள் தொழிற்சாலையில் மூடியவையா, லாட் எண் (தயாரித்த தொகுதியின் எண்) ஒன்றா என்று பாருங்கள். விற்பவரோ வேறு யாரோ வீட்டில் நிரப்பியவை என்றால் சுடாதீர்கள். அதில் என்ன மருந்து எவ்வளவு போட்டார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. எதைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அந்தக் குண்டை ஒரே லாட்டில் நான்கைந்து பெட்டி வாங்கிவிடுங்கள். ஈயக் குண்டுக்குத் தடை உள்ள இடத்துக்குப் போனால் (கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் தடை) முழுச் செம்புக் குண்டிலேயே தொடக்கத்திலிருந்து பழகுங்கள். அதே எடையில் நீளம் கூடும், விழும் இடம் மாறும்.

சுடும்போது முதலில் போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே பார்த்து ஸ்கோப்பை ஒத்துப்போக வைத்து, 25 கெஜத்தில் தாளைத் தொட்டபின் 100-க்குப் போங்கள். மூன்று மூன்றாகச் சுட்டு, இடையில் குழல் கையால் தொடும் அளவுக்கு ஆறட்டும். மூன்று குண்டும் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தால் இந்த வேட்டைக்குப் போதும். ஆனால் ஒரே ஒரு நல்ல மூன்றை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்று தடவையாவது அப்படி வர வேண்டும். தவறும்போது தாளே காரணத்தைக் காட்டும். இரண்டு தனித்தனிக் குவியல் என்றால் ஏதோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்கோப்பின் உள்ளே ஒன்று ஆடுகிறது. சூடேற ஏற ஒரே திசையில் நடந்தால் கட்டை குழலை அழுத்துகிறது. ஒழுங்கே இல்லாமல் சிதறினால், நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த வேறொரு ஸ்கோப்பைப் பூட்டிப் பாருங்கள். அதிலும் சிதறினால் குழலையோ சுடுபவரையோ பார்க்க வேண்டும். சுடுபவரைச் சோதிக்க, வேறொருவர் உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டாவைக் கலந்து ஏற்றட்டும். போலித் தோட்டாவில் குழல் முனை துள்ளினால் உதைப்புக்குப் பயந்து துள்ளுவது உங்கள் தோள்தான். இந்தக் காலிபரில் அது வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல.

200 கெஜத்தில் குறி ஒத்தால், 180 கிரெய்ன் குண்டு 100-இல் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் மேலே, 300-இல் ஏழு அங்குல அளவில் கீழே விழும். பெட்டியில் அச்சிட்ட வேகம் நீளமான சோதனைக் குழலில் அளந்ததாக இருக்கலாம் என்பதால் 300-இல் நீங்களே சுட்டு உறுதி செய்யுங்கள். அதன்பின் நான் கடைசியாக நம்பும் சோதனை ஒன்று உண்டு: ஐந்து வெவ்வேறு நாட்களில், குளிர்ந்த குழலில், நாளுக்கு ஒரே ஒரு குண்டு, எல்லாம் ஒரே தாளில். அந்த ஐந்தும் மூன்று அங்குல வட்டத்துக்குள் இருந்தால் ரைஃபிளை நம்பிப் புறப்படலாம். இதுவும் அடுத்த மாதம் ஸ்கோப் கெடாது என்று உத்தரவாதம் தராது; உலோகத்தின் உள்ளே களைப்பு எவ்வளவு என்று வெளியிலிருந்து அளக்க வழியில்லை. ஆகவே விமானத்திலிருந்து இறங்கியதும் முகாமில் மறுபடி ஒன்றிரண்டு சுட்டுப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். பயணத்தில் பூட்டிய கெட்டிப் பெட்டியும், செக்-இன் சாமானில் தோட்டாவும்தான் வழக்கம். விமான நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஏ.டி.ஏ. விதிப்படி தோட்டா ஒருவருக்குப் பொதியோடு 5 கிலோவரை. 40 தோட்டா ஒன்றரைக் கிலோவைத் தொடாது. தனிப் பெட்டி கேட்கும் விமான நிறுவனங்களும் உண்டு. உரிமை மாற்ற ஆவணமும் எல்லை கடக்கும் அனுமதியும் உங்கள் பெயரில் வந்து சேர நாளாகும். பணம் கைமாறுவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

விற்பவரிடம் இப்படிப் பேசுங்கள்: பட்டறையில் ஒரு நாள், சுடுதளத்தில் ஒரு நாள், அதுவரை முன்பணம் மட்டும். நல்ல பொருள் வைத்திருப்பவர் இதற்குப் பொதுவாக மறுப்பதில்லை. மறுத்தால் வேறு ரைஃபிள் பார்க்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மஸில் பிரேக்கைப் பொறுத்தவரை, இந்தப் பயணத்துக்கு முன் வேண்டாம் என்பது என் கருத்து. உதைப்பைக் கணிசமாகக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் குழல் முனையில் மரை வெட்ட வேண்டும். மரை அச்சிலிருந்து சற்று விலகினாலும் குண்டு பிரேக்கின் உள்சுவரை உரசும். கிரௌன் புதிதாகும், குறி மாறும், மேலே சொன்ன எல்லாச் சுடுதலையும் திரும்பச் செய்ய வேண்டும். 140 டெசிபெல்லைத் தாண்டும் ஒரே ஒரு சத்தம் காதை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். பிரேக் இல்லாத ரைஃபிளே அதைத் தாண்டும். பிரேக் அந்தச் சத்தத்தை உங்கள் பக்கமும், அருகில் நிற்கும் வழிகாட்டியின் பக்கமும் திருப்பிவிடும். அதனாலேயே பிரேக் உள்ள ரைஃபிளை அனுமதிக்காத வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இப்போதைக்கு நல்ல தடித்த ரப்பர் பேட் ஒன்றைக் கட்டையின் அடியில் பொருத்தி, பயிற்சி நாளொன்றுக்குப் பதினைந்து ரவுண்டுக்கு மேல் போகாமல், மீதிப் பழக்கத்தை உதைப்பில்லாத .22 ரைஃபிளில் வைத்துக்கொள்ளுங்கள். காதுக்கு உள்ளே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரட்டைக் காப்பு போட்டுச் சுட்டால் துள்ளல் நன்றாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். பலரைத் துள்ள வைப்பது உதைப்பைவிடச் சத்தம்தான்.